எல்.எஸ்.டி-325: அப்பாவுடன் ஒஹையோ ஆற்றங்கரையில்

வெள்ளி, செனிகா (இல்லினாய்)

சிகாகோவிலிருந்து எவன்ஸ்வில் போக நேராகத் தெற்கே இறங்கினால் ஐந்து மணி நேரம். நாங்கள் முதலில் தென்மேற்கே திரும்பினோம். வழியில் செனிகா என்ற சிற்றூரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

அப்பா திருச்சி பொன்மலை டீசல் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தக் கோடைக்கு எங்களோடு இருக்க வந்திருக்கிறார். நயாகரா போகலாமா என்று கேட்டேன். "தண்ணி விழுறதை ஒகேனக்கல்லயே பாத்தாச்சுப்பா. இன்ஜின் இருக்கிற இடமா ஏதாவது சொல்லு" என்றார். அப்படித்தான் இந்தப் பயணம் முடிவானது. எவன்ஸ்வில் நகரில், ஒஹையோ ஆற்றில், இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளைக் கரையிறக்கிய கப்பல் ஒன்று இன்னும் தன் சொந்த இன்ஜினில் ஓடும் நிலையில் இருக்கிறது. எல்.எஸ்.டி-325. எல்.எஸ்.டி என்றால் 'லேண்டிங் ஷிப், டாங்க்': போரில் டாங்கிகளை நேராகக் கடற்கரை மணலிலேயே இறக்கிவிடுவதற்கென்று கட்டிய வகை.

சிகாகோவைத் தாண்டும்போது மெக்குக் என்ற புறநகரை ஒட்டிச் சாலை போகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் ரயில் இன்ஜின் பிரிவான இ.எம்.டி.யின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. அந்தத் தொழிற்சாலையை எல்லோரும் சொல்வது 'லா கிரேஞ்ச்' என்றுதான். அந்தப் பெயரைச் சொன்னதும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் காலத்து இன்ஜின்கள் ஆல்கோ என்ற வேறொரு நிறுவனத்தின் வகை. ஆனால் இப்போது நம் ரயில்களை இழுக்கும் டபிள்யூ.டி.பி-4 டீசல் இன்ஜின் இந்த லா கிரேஞ்ச் வம்சத்தில் வந்தது. 325-இல் இருப்பதோ அந்த வம்சத்தின் மூத்த தலைமுறை.

செனிகாவுக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. சுற்றிலும் சோளமும் சோயாவும்தான். நடுவே இல்லினாய் ஆறு மெல்லப் போகிறது. ஆற்று வழியாகப் போனால் கடல் இங்கிருந்து ஆயிரம் மைலுக்கு மேல். இந்த ஊரில் 1942 முதல் 1945 வரை 157 எல்.எஸ்.டி கப்பல்கள் கட்டப்பட்டன என்று சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். கட்டியது சிகாகோ பிரிட்ஜ் அண்ட் அயர்ன் என்ற நிறுவனம். அதற்கு முன் அவர்கள் வேலை தண்ணீர்த் தொட்டிகளும் எண்ணெய்த் தொட்டிகளும்.

ஏன் இங்கே? கடலோரக் கப்பல் கட்டும் தளங்கள் பெரும்பாலும் விமானந்தாங்கிகளுக்கும் நாசகாரிக் கப்பல்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. எல்.எஸ்.டி ஆழமில்லாத தண்ணீரில் மிதக்கும் கப்பல் என்பதால் ஆற்றங்கரையிலேயே கட்டி, பக்கவாட்டில் ஆற்றில் தள்ளி, மிசிசிப்பி வழியாக நியூ ஆர்லியன்ஸ் வரை கொண்டுபோய்விடலாம். பாலம் கட்டியவர்களும் தொட்டி கட்டியவர்களும் இரும்புத் தகடு வெட்டவும் வெல்டிங் வைக்கவும் ஏற்கெனவே தெரிந்தவர்கள். கப்பல் வேலையில் மீதியைச் செய்துகொண்டே கற்றுக்கொண்டார்கள். அமெரிக்கா கட்டிய 1,051 எல்.எஸ்.டிகளில் பெரும்பகுதி இப்படி உள்நாட்டு ஆறுகளில் பிறந்தவை.

ஆற்றைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றோம். கையோடு கொண்டுவந்த புளிசாதத்தை அங்கேயே மரத்தடியில் பிரித்தோம். அப்பா கேட்ட ஒரே கேள்வி: "328 அடிக் கப்பலை இந்த ஆத்துல எப்படித் திருப்பியிருப்பாங்க?" ஆற்றின் அகலத்தை ஒரு முறை கண்ணால் அளந்து, அவரே "பக்கவாட்டுல விட்டா சரியா இருக்கும்" என்று முடித்துவிட்டார்.

அப்புறம் நீண்ட நெடுஞ்சாலை. எவன்ஸ்வில் வந்தபோது இருட்டிவிட்டது.

சனி, எவன்ஸ்வில் (இந்தியானா)

காலையில் முதல் ஆட்களாகப் போய் நின்றோம். நகரத்தின் நடுவே, ரிவர்சைடு சாலையை ஒட்டிக் கப்பல் கட்டப்பட்டிருக்கிறது. 2005 முதல் இந்த ஊர்தான் இதற்குத் தாய்த்துறை. நகர மையத்தில் உள்ள இந்த இடத்துக்கு 2020-இல்தான் மாறியது.

சாம்பல் நிறம், முகப்பில் 325 என்ற வெள்ளை எண். பெயர் கிடையாது. போர்க்காலத்தில் எந்த எல்.எஸ்.டிக்கும் அமெரிக்கக் கடற்படை பெயர் வைக்கவில்லை. எண் மட்டும்தான். பார்த்தவுடன் கம்பீரமாகத் தோன்றும் கப்பல் இல்லை. 328 அடி நீளம், 50 அடி அகலம், தட்டையான அடிப்பாகம், உச்ச வேகமே மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல்தான். எனக்கு இது அழகாகத்தான் இருந்தது. ஒரே ஒரு வேலைக்காகச் சிந்தித்துச் செய்த எந்தப் பொருளுக்கும் உள்ள அழகு.

அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1940-இல் பிரான்சின் டன்கிர்க்கில் பிரிட்டிஷ் படை ஆட்களை மட்டும் மீட்டு, கனரக ஆயுதங்களை எல்லாம் கரையிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தது. திரும்பிப் போவதென்றால் டாங்கிகளோடு போக வேண்டும். துறைமுகங்கள் எல்லாம் எதிரி கையில். ஆக, பெருங்கடலைத் தாண்டக்கூடிய கப்பல் வேண்டும். அதே கப்பல் வெறும் மணல் கரையில் ஏறி நின்று டாங்கியை இறக்கவும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். பெருங்கடலுக்குக் கப்பல் ஆழமாக அமிழ்ந்திருக்க வேண்டும். கரையேற மேலே மிதக்க வேண்டும்.

1941 நவம்பரில் அமெரிக்கக் கடற்படையின் வடிவமைப்பாளர் ஜான் நீடர்மையர் இதற்கு ஒரு வரைபடம் போட்டார். கப்பலுக்குள் பெரிய பெரிய பல்லாஸ்ட் தொட்டிகள். கடலில் போகும்போது அவற்றில் கடல்நீரை நிரப்பிக் கப்பலை அமிழ்த்திக்கொள்வது. கரை நெருங்கும்போது தண்ணீரை வெளியே இறைத்து மேலே எழும்புவது. கரையேறும் சுமையோடு இருக்கும்போது முகப்பின் கீழ் நாலு அடித் தண்ணீர் இருந்தால் போதும். பின்பக்கம் பத்து அடி. மணலின் சரிவுக்கு ஏற்ற சாய்வு அது. கரைக்கு வரும் வழியிலேயே பின்புறத்திலிருந்து ஒரு நங்கூரத்தைக் கடலில் போட்டுவிட்டு வருவார்கள். வேலை முடிந்ததும் அந்த நங்கூர வடத்தைச் சுருட்டித் தன்னைத் தானே பின்னால் இழுத்துக்கொள்ளும் கப்பல்.

எங்களைச் சுற்றிக் காட்டியவர் தன்னார்வலர், கடற்படையில் இருந்தவர், எழுபது வயது தாண்டியிருக்கும். முதலில் டாங்கித் தளம். உள்ளே நுழைந்ததும் அப்பா நின்றுவிட்டார். கப்பலின் கிட்டத்தட்ட முழு நீளத்துக்கும் ஒரே கூடம், தூண் இல்லாமல். ரயில் பெட்டிகள் நிற்கும் கொட்டகை மாதிரி இருந்தது. முன்னால் இரட்டைக் கதவு, அதற்குப் பின்னால் சாய்தளம். ஏறக்குறைய இருபது ஷெர்மன் டாங்கிகள் இங்கே வரிசையாக நிற்கும். தரையெங்கும் சங்கிலி மாட்டும் குழிகள்.

மூடிய கூடத்தில் இருபது டாங்கிகள் ஒரே நேரத்தில் இன்ஜினைக் கிளப்பினால் புகையிலேயே ஆட்கள் செத்துவிடுவார்கள். அதற்காக கென்டக்கியில் உள்ள ஃபோர்ட் நாக்ஸில், கடலே இல்லாத ஊரில், டாங்கித் தளத்தின் முழு அளவு மாதிரியை ஒரு கட்டடமாகவே கட்டி, உள்ளே டாங்கிகளை ஓட்டிக் காற்றோட்டத்தைச் சோதித்தார்கள். அந்தக் கட்டடம் பின்னாலும் நிலைத்திருந்தது. மேலே ஓடும் காற்றுக் குழாய்களைக் காட்டி வழிகாட்டி இதைச் சொன்னபோது, அப்பா ஷெட்டில் இன்ஜின் புகைக்குச் செய்யும் ஏற்பாடுகளைப் பற்றி என்னிடம் சொல்ல ஆரம்பித்தார். நான் மொழிபெயர்த்தேன். அதிலிருந்து அந்த இருவரும் சிநேகிதர்கள்.

தளத்தின் இரண்டு பக்கமும் ஒடுக்கமான அறைகளில் ராணுவத்தினர் படுக்கும் அடுக்குக் கட்டில்கள். டாங்கிகள் இறங்கிய பிறகு இதே கூடம் ஆஸ்பத்திரி. சுவரில் ஸ்ட்ரெச்சர் மாட்டும் சட்டங்கள் பொருத்தி, மருத்துவர்களை ஏற்றி, போகும்போது டாங்கி, வரும்போது காயம்பட்டவர் என்று ஓட்டினார்கள். பிரான்சின் நார்மண்டிக் கரைகளிலிருந்து எல்.எஸ்.டிகள் இப்படி இங்கிலாந்துக்குக் கொண்டு சேர்த்த காயம்பட்டவர்கள் 41,035 பேர். எனக்கு இந்தக் கப்பல்மீது இருக்கும் பிரியத்துக்கு முக்கியமான காரணம் இந்த எண்தான். போர்க்கப்பல்களின் வரலாறு என்றால் யார் யாரை மூழ்கடித்தார்கள் என்றே எழுதுகிறோம். இந்தக் கப்பல் செய்தது முழுக்கச் சுமக்கிற வேலை. சுமந்துபோய் இறக்குவது, திரும்பச் சுமந்துவருவது.

325 கட்டப்பட்டது உள்நாட்டு ஆற்றில் இல்லை, பிலடெல்பியா கடற்படைத் தளத்தில். 1942 ஆகஸ்டில் வேலை ஆரம்பித்து அக்டோபர் 27-இல் தண்ணீரில் இறக்கினார்கள். 1943 பிப்ரவரி 1-இல் பணியில் சேர்ந்தது. நேராக வட ஆப்பிரிக்கா. ஜூலையில் சிசிலித் தீவின் கேலா கரையிறக்கம். அதே கேலாவில் எல்.எஸ்.டி-313 விமானக் குண்டு விழுந்து எரிந்துபோனது. செப்டம்பரில் இத்தாலியின் சலேர்னோ. அப்புறம் இங்கிலாந்து.

1944 ஜூன் 6-இல் தொடங்கிய நார்மண்டிக் கரையிறக்கத்தில் 325 முதல் அலையில் இல்லை. அங்கே ஒமாஹா என்று குறிப்பெயர் வைத்த கரைக்கான பின்தொடர் படையில், ஃபால்மவுத்திலிருந்து புறப்பட்டு, பொறியியல் படையணி ஒன்றின் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஜூன் 7-ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. அங்கே அலை ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சுமார் இருபது அடி வித்தியாசம். ஏற்றத்தில் கரையேறி, தண்ணீர் வடிந்ததும் கப்பலையே மணலில் உட்கார வைத்து, காய்ந்த தரையில் லாரிகளை ஓட்டி இறக்கி, அடுத்த ஏற்றத்தில் மிதந்து கிளம்புவது என்று ஒரு வழக்கம் உருவானது. முதுகு உடைந்துவிடுமோ என்று ஆரம்பத்தில் அதிகாரிகள் பயந்திருக்கிறார்கள். உடையவில்லை. 1945 ஏப்ரல் வரை 325 இங்கிலீஷ் கால்வாயை நாற்பது தடவைக்கு மேல் கடந்து ஒமாஹா, யூட்டா, கோல்ட், ஜூனோ என்ற கரைகளுக்குப் போய்வந்தது.

அதில் ஒரு நாள் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது. 1944 டிசம்பர் 28. சவுத்தாம்ப்டனிலிருந்து லெ ஆவ்ருக்குப் படைவீரர்களை ஏற்றிப்போன 'எம்பயர் ஜாவலின்' என்ற கப்பல் பிரெஞ்சுக் கரைக்கு அப்பால் தாக்கப்பட்டு மூழ்கத் தொடங்கியது. உதவிக்கு வந்தவற்றில் 325-உம் ஒன்று. டிசம்பர் மாதக் கால்வாய்த் தண்ணீரில் மனிதன் எவ்வளவு நேரம் தாங்குவான் என்று நினைத்துப் பாருங்கள். சுமார் 700 பேரை இந்தக் கப்பல் காப்பாற்றியது. அதன் தலைவர் கிளிஃபர்ட் மோசியருக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது. அந்த 700 பேர் ஏறி வந்த பக்கவாட்டுச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தேன்.

சுற்றுலா முடிந்ததும் வழிகாட்டி அப்பாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, கீழே போகலாம் என்று சைகை காட்டினார். செங்குத்தான இரும்பு ஏணி. நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அப்பா பாதி இறங்கிவிட்டார்.

இரண்டு இன்ஜின்கள். 567 வகை, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றும் 900 குதிரைத்திறன். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 567 கன அங்குலம், அதுதான் எண். அப்பா வேலை பார்த்த ஆல்கோ நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்), டர்போ வைத்தது. இது இரண்டு வீச்சு. சிலிண்டர் தலையில் இருக்கும் வால்வுகள் எல்லாம் புகை போவதற்கு மட்டும். காற்று பக்கவாட்டில், சிலிண்டரின் உள்ளுறையான லைனரில் உள்ள துளைகள் வழியாக வரும், அதைத் தள்ள ஒரு புளோயர். இதையெல்லாம் அப்பா எனக்குச் சொல்லவில்லை, அந்தப் பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தார். அப்பாவின் ஆங்கிலம் கொஞ்சம்தான். பெரியவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. 'லைனர்', 'பிஸ்டன்', 'இன்ஜெக்டர்', 'கவர்னர்' என்ற சொற்களும் கைகளும் போதுமாக இருந்தன.

ஒரு கட்டத்தில் அப்பா சிலிண்டர் ஓரத்தில் இருந்த சின்னத் திருகுகளைக் காட்டி என்னவோ கேட்டார். பெரியவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவை டெஸ்ட் காக். இன்ஜினைக் கிளப்பும் முன் அவற்றைத் திறந்துவைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் வெளியே தெரியும். பார்க்காமல் கிளப்பினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். "எந்த நாடா இருந்தா என்ன, காலையில முதல் வேலை அதுதான்" என்றார் அப்பா.

இந்த இன்ஜின் குடும்பம் உலகமெங்கும் ரயிலிலும் ஆற்று இழுவைப் படகுகளிலும் ஓடியது. கப்பல் இன்றும் ஓடுகிறது என்றால் அதற்கு அதுவும் ஒரு காரணம். உதிரிபாகமும் கிடைக்கும், வேலை தெரிந்த கைகளும் கிடைக்கும். அபூர்வமான இன்ஜினாக இருந்திருந்தால் இது எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

சனி இரவு, அதே ஊர்

ஓட்டல் அறையில் அப்பா தூங்கிவிட்டார். போருக்குப் பிந்தைய கதையை இப்போதே எழுதிவிடுகிறேன், அது எனக்கு இன்னும் பிடித்த பகுதி.

1946 ஜூலையில் புளோரிடாவின் கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸில் 325-ஐ ஓரங்கட்டி வைத்தார்கள். 1951-இல் திரும்ப எழுப்பினார்கள், இந்தத் தடவை வட துருவப் பக்கம். பனிப்போர் ஆரம்பித்திருந்தது. கிழக்கு கனடாவிலும் கிரீன்லாந்திலும் ரேடார் நிலையங்கள் அமைக்கச் சாமான்கள் போக வேண்டும், துறைமுகம் கிடையாது. லாப்ரடார் கடலிலும் பாஃபின் விரிகுடாவிலும் பனிக்கட்டிகளுக்கு நடுவே போய்க் கரையேறி இறக்குகிற கப்பல் வேறு என்ன இருக்கிறது?

1955-இல் கடற்படை எல்.எஸ்.டிகளுக்கு மாவட்டப் பெயர்களைச் சூட்டியபோதும் 325-க்குப் பெயர் கிடைக்கவில்லை, அப்போது அது போக்குவரத்துப் பிரிவில் இருந்தது. 1961-இல் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 1964-இல் கிரேக்கக் கடற்படைக்குப் போனது. அங்கேதான் முதன்முதலாகப் பெயர் வந்தது: 'சைரோஸ்'. ஈஜியன் கடலில் ஒரு தீவின் பெயர். 1999 வரை அங்கே உழைத்தது. ஐம்பத்தாறு வயதுவரை ஒரு போர்க்காலக் கப்பல் கடற்படைப் பணியில் இருந்திருக்கிறது!

2000-ஆம் ஆண்டு, எல்.எஸ்.டிகளில் பணியாற்றிய முதியவர்களின் சங்கம் ஒன்று இதைக் கேட்டு வாங்கியது. கிரீட் தீவின் சூடா விரிகுடாவுக்குப் போய், வெயிலில் மாதக்கணக்கில் தங்கி, துரு சுரண்டி, இன்ஜினைப் பிரித்துப் பூட்டி, தாங்களே ஓட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மொத்தம் 29 பேர். சராசரி வயது 72. கேப்டன் ராபர்ட் ஜோர்ன்லின். குளிர்கால அட்லாண்டிக் வேண்டாம் என்று தடுத்தவர்கள் இருந்தார்கள். தட்டை அடியுள்ள இந்தக் கப்பல் பெரிய அலையில் எப்படிப் புரளும் என்பது அந்த 29 பேருக்கும் இளம் வயதிலேயே தெரிந்த விஷயம். நவம்பர் 14-இல் கிரீட்டை விட்டார்கள், டிசம்பர் 12-இல் ஜிப்ரால்டரை விட்டார்கள், 2001 ஜனவரி 10-இல் அலபாமாவின் மொபீல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 6,500 மைல்.

இதைச் சாகசக் கதையாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது அவர்களுக்கு இருந்த வேலை ஞானம். எந்த வால்வைத் திறந்தால் எந்தத் தொட்டியில் தண்ணீர் ஏறும் என்பது புத்தகத்தைப் பார்க்காமலே தெரிந்த மனிதர்கள் அப்போது இன்னும் உயிரோடு இருந்தார்கள். பத்து வருடம் தள்ளிப் போட்டிருந்தால் அந்தப் பயணம் நடந்திருக்காது.

ஞாயிறு, எவன்ஸ்வில்

காலையில் பழைய கப்பல் தளம் இருந்த இடத்தைப் பார்க்கப் போனோம். 45 ஏக்கர் ஆற்றங்கரை. 1942-இல் மிசௌரி வேலி பிரிட்ஜ் அண்ட் அயர்ன் என்ற பாலம் கட்டும் நிறுவனம் இங்கே இறங்கி, போர் முடிவதற்குள் 167 எல்.எஸ்.டிகளைக் கட்டி ஆற்றில் தள்ளியது. வேறு எந்த உள்நாட்டுத் தளமும் இத்தனை கட்டவில்லை. உச்சத்தில் 19,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள், வெல்டிங் வைத்தவர்களில் பெண்கள் ஏராளம். இன்று பெரிதாகப் பார்க்க ஒன்றுமில்லை.

2003-இல் 325 முதல் தடவையாக இந்த ஆற்றில் மேலேறி வந்தபோது சில நாட்களில் 35,000 பேர் வந்து பார்த்தார்களாம். கப்பல் பிலடெல்பியாவில் பிறந்தது, இந்த ஊருக்குச் சொந்தமில்லை. ஆனால் அதன் அண்ணன் தம்பிகள் 167 பேரை அந்த ஊரின் பாட்டிகள் பற்றவைத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கூட்டம்தான் இரண்டு வருடம் கழித்து இந்த ஊரே தாய்த்துறை ஆவதற்குக் காரணம்.

விமான நிலையத்தை ஒட்டிய போர்க்கால அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம். இதே ஊரில் ரிபப்ளிக் நிறுவனம் பி-47 சண்டை விமானங்களை ஆறாயிரத்துக்கு மேல் கட்டியிருக்கிறது, கிறைஸ்லர் தொழிற்சாலை துப்பாக்கித் தோட்டாக்களைக் கோடிக்கணக்கில் செய்திருக்கிறது. அங்கே ஒரு பி-47 இருக்கிறது. அப்பா அதன் இன்ஜினைப் பார்த்துவிட்டு வந்தார். நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கப்பல்கள் போதாமல் போனதுதான் அந்தப் போரின் கால அட்டவணையையே தீர்மானித்தது. நார்மண்டி மே மாதத்திலிருந்து ஜூனுக்குத் தள்ளியதற்கு அது ஒரு காரணம். தெற்கு பிரான்ஸ் கரையிறக்கம் ஆகஸ்ட் வரை தள்ளிப்போனது. நமக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. 1943 நவம்பரில் கெய்ரோ மாநாட்டில், ஜப்பானியர் கையில் இருந்த அந்தமான் தீவுகளைக் கடல்வழியாகத் தாக்குவது என்று முடிவெடுத்தார்கள். 'பக்கனியர்' என்று பெயர். டிசம்பர் தொடக்கத்திலேயே அதைக் கைவிட்டார்கள். கரையிறக்கும் கப்பல்கள் ஐரோப்பாவுக்குத் தேவைப்பட்டன. அந்தமான் 1945 அக்டோபர் வரை மீட்கப்படவில்லை. 1944 ஜனவரி 30-இல் ஹோம்ஃப்ரேகஞ்சில் 44 பேரை ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். போர்ட் பிளேரில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன! அந்தத் தீவின் பெரியவர்கள் சொல்லும் ஆக்கிரமிப்புக் காலக் கதைகளுக்கும், இந்தியானாவில் ஓர் ஆற்றங்கரையில் எத்தனை கப்பல் எத்தனை வேகத்தில் முடிந்தது என்பதற்கும் நேரடியான தொடர்பு இருக்கிறது. நம் வரலாற்று நூல்களில் இது ஒரு வரியாகவாவது இடம்பெற வேண்டும் என்று நினைக்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பின் இந்தியக் கடற்படைக்குக் கிடைத்த முதல் ஐ.என்.எஸ். மகரும் பிரிட்டனின் போர்க்கால எல்.எஸ்.டி ஒன்றுதான் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

திங்கள், ஜெபர்சன்வில் (இந்தியானா)

எவன்ஸ்விலிலிருந்து இரண்டு மணி நேரம் கிழக்கே. வழியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும், மாநிலத்துக்குள்ளேயே நேரம் மாறுகிறது.

லூயிவில் நகருக்கு எதிர்க்கரையில் இருக்கிறது ஜெபர்சன்வில். ஹோவர்டு குடும்பம் இங்கே தலைமுறை தலைமுறையாக நீராவிப் படகுகள் கட்டியது, அவர்கள் மாளிகை இப்போது அருங்காட்சியகம். போரின்போது இந்த ஊரில் 123 எல்.எஸ்.டிகள் கட்டப்பட்டன. பின்னால் ஜெஃப்போட் என்ற பெயரில் சரக்குப் படகுகள் கட்டிக்கொண்டிருந்த அந்தத் தளத்தை 2018-இல் மூடினார்கள்.

நான் இங்கே வந்தது ஒரு கப்பலுக்காக. எல்.எஸ்.டி-507. 1944 ஏப்ரல் 28 அதிகாலை, நார்மண்டிக்கு ஒத்திகையாக எட்டு எல்.எஸ்.டிகள் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஜெர்மன் டார்பிடோப் படகுகள் இருட்டில் வந்து தாக்கின. 507-உம், எவன்ஸ்விலில் கட்டிய 531-உம் மூழ்கின. 289 பலத்த சேதத்தோடு தப்பியது. இறந்தவர்கள் 749 பேர். காவலுக்கு வரவேண்டிய நாசகாரி சேதமடைந்து துறைமுகத்தில் நின்றிருந்தது. வானொலி அலைவரிசை தவறாக அச்சிடப்பட்டிருந்தது. பலரும் மிதவைப் பட்டையை அக்குளுக்குக் கீழே கட்டாமல் இடுப்பில் கட்டியிருந்தார்கள். முதுகில் சுமையோடு தண்ணீரில் குதித்ததும் தலைகீழாகக் கவிழ்ந்துபோனார்கள். சரியாகக் கட்டுவது எப்படி என்று யாராவது ஐந்து நிமிடம் சொல்லிக் கொடுத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் அதில் எத்தனையோ பேர். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

போர் முழுவதிலும் எதிரித் தாக்குதலில் இழந்த எல்.எஸ்.டிகள் 26-தான். புயலிலும் பாறையிலும் விபத்திலும் போனவை 13. ஆயிரத்துக்கு மேல் கட்டிய இடத்தில் இது சொற்பம். மெதுவாகப் போகும் பெரிய கப்பல், குண்டுக்கு எளிய இலக்கு என்று பேர் வாங்கியிருந்தாலும், பாலம் கட்டியவர்கள் வைத்த வெல்டிங் தாங்கியது.

மாலையில் பிக் ஃபோர் பாலத்தில் நடந்தோம். பழைய ரயில் பாலம், இப்போது நடப்பதற்கும் சைக்கிளுக்கும் மட்டும். நடுவில் நின்று அப்பா ரிவெட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். கீழே ஓர் இழுவைப் படகு பதினைந்து சரக்குப் படகுகளைக் கட்டித் தள்ளிக்கொண்டு மேலேறியது. சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ரெண்டு வீச்சு" என்றார்.

நாளை ஐ-65 வழியாக நேராக சிகாகோ. போக நினைப்பவர்களுக்கு ஒன்று: 325 இலையுதிர் காலத்தில் ஆற்றோர ஊர்களைச் சுற்றக் கிளம்பிவிடும், சில வாரம் எவன்ஸ்விலில் இருக்காது. அந்தச் சமயத்தில் போவதென்றால் கப்பல் எந்த ஊரில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். ஓடுவதையே பார்க்கக் கிடைத்தால் இன்னும் நல்லது. அப்பா அக்டோபர் வரை இருக்கிறார். எந்த ஊர் எங்களுக்குப் பக்கம் என்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறார்.